வலது பத்தியில் பொருள்

கோயில் மலரில் ஒரு கதை போட
மூன்று படி கேட்டார்கள்.
தாளின் நடுவே கோடு கிழித்து
இடது பத்தியில் தமிழ்,
வலது பத்தியில் பர்மிய மொழியில் பொருள்,
வரிக்கு வரி, விடாமல்.
"உவமை இருப்பின் அதையும் விளக்குக"
என்றது படிவத்தின் ஏழாவது குறிப்பு.

முந்தின இரவு முழுக்க
என் கதைக்கு நானே உரை எழுதினேன்.

ஒற்றைக் காலில், கண்ணை மூடி,
மீன்களுக்காகவே தவமிருக்கும் கொக்கு.
வலது பத்தியில்: கொக்கு. பறவை. வெள்ளை.
துணிக்கடைக் கதவில் தொங்கும் புதுப் பூட்டு.
வலது பத்தியில்: பூட்டு. இரும்பு.
செல்லாமல் போன நோட்டில் கடலை மடித்து விற்பவள்.
வலது பத்தியில்: காகிதத் தட்டுப்பாடு.

இப்படி மண்ணைப் போட்டு மூடிக்கொண்டே போனேன்.
இலக்கணம் இதற்கு உள்ளுறை என்று பேர் வைத்திருக்கிறது.
அன்றைக்கு நான் வைத்த பேர் பயம்.

ஒரு சொல்லில் மட்டும் சிரிப்பு வந்தது.
"ஆறும் கடலோடு போகும்"
என்பது கதையின் முதல் வரி.
எங்கள் வீட்டிலிருந்து கப்பலேறியவர்கள் ஆறு.
பர்மியர்களுக்கு ஓடுவது மியிட், எண்ணுவது சௌக்;
இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததில்லை.
மியிட் என்று எழுதினேன்,
ஒரு பொய்யும் சொல்லாமல்.

விடிந்ததும் டலாவில் சம்பான் ஏறினேன்.
மடியில் காகிதம், காகிதத்துக்குக் குடை,
எனக்கு மழை.

ஊ சோ நைங் மெதுவாகப் படிப்பவர்.
வெற்றிலைக் கறைப் பல்லால் பென்சிலைக் கடித்தபடி
கொக்கைப் பார்த்தார், தாண்டினார்.
பூட்டைத் தட்டிப் பார்த்தார், தாண்டினார்.
ஆற்றில் இறங்கி
கால் நனையாமல் அக்கரை ஏறினார்.
பதினேழாம் வரியில் நின்றார்.

"துறையில் ஒரு செருப்பு கிடந்தது.
இடது கால். வார் அறுந்தது."

"இது என்ன?"
செருப்பு.
"பொருள்?"
செருப்பு.
"யாரைக் குறிக்கிறது?"

யாரையும் குறிக்கவில்லை.
என் தம்பி தனுக்கோடியின் காலில் இருந்தது.
கூட்டம் நெட்டியதில் கழன்றது.
குனிந்து எடுக்க அவனுக்கு இடமில்லை,
எடுத்துக் கொடுக்க எனக்குக் கை எட்டவில்லை.
"ஊர் அழுதது" என்று கரும்பலகையில் எழுதி
பிள்ளைகளுக்கு ஆகுபெயர் நடத்துகிறவள் நான்.
அந்தத் துறையில் ஆகுபெயருக்கு வேலையே இல்லை.

கதை முழுக்க நான் ஜோடிக்காத வரி
அது ஒன்றுதான்.
"வெறும் செருப்பு ஐயா" என்றேன் திரும்பவும்.
மூன்றாம் முறை சொன்னபோது
எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இதில்தான் ஏதோ இருக்கிறது" என்று
தூரிகையை மையில் தோய்த்து
ஒரே இழுப்பு.
காயும் வரை ஊதிவிட்டு, அடுத்த படி.
பிறகு அதற்கடுத்தது.

அச்சுக்காரர் பிடிவாதக்காரர்.
இடத்தைச் சுருக்க மாட்டேன் என்று
வரி இருந்த அளவுக்கே
ஒரு கறுப்புப் பட்டை வைத்து அடித்துவிட்டார்.

மலர் வந்தது.
கொக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
ஆற்றைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர்.
பட்டையைத்தான் எல்லோரும்
விளக்கருகே தூக்கிப் பிடித்தார்கள்.
"சுங்கத்தில் பிடுங்கினானே, என் தோடு,
அதைத்தானே எழுதியிருந்தீர்கள் டீச்சர்?"
என்றாள் செம்பவளம்.
அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை
தன் மூத்த மகன் பேர் அங்கே இருந்ததாக
இன்றும் சொல்லித் திரிகிறார்.
பூக்கட்டும் மாரியாயி எதுவும் கேட்கவில்லை.
படிக்கத் தெரியாதவள்.
விரலை அதன்மேல் வைத்து
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
ஒருமுறை ஓட்டினாள்.

எழுதியே அத்தனை ஆழம்
நான் போனதில்லை.

தை பிறந்து ஒரு மாலை
அதே சம்பானில் ஊ சோ நைங்,
கையில் ஒரு வாழைத்தார்.
பாதி ஆறு வரைக்கும் பேசவில்லை.
பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே,
"மற்றச் செருப்பு?" என்றார்.

"மெட்ராசில்."

"அது எதற்கு உவமை?"

சிரித்தாரா, தெரியவில்லை.
வாய் நிறைய வெற்றிலை.